சுவரில் எழுதிய கை: ரொசினியின் ஒரு மறந்துபோன ஓபராவை மீண்டும் மேடையேற்றிய நிகழ்வு

இத்தாலியின் எமிலியா ரொமாஞ்ஞா பகுதியில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள பாடகர் சங்கம் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் 'சீரோ இன் பாபிலோனியா' என்ற ஓபராவை (இசை நாடகத்தை) இரண்டு இரவுகள் நடத்தியது. நான் அந்தக் குழுவில் ஒத்திகைப் பியானோ வாசித்தேன், மேடை நாட்களில் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியம் வாசித்தேன், இசை நடத்துநருக்கு உதவியாகவும் இருந்தேன். எந்தப் பகுதியை வெட்டுவது என்று முடிவெடுத்த மூன்று பேரில் நானும் ஒருவன். அதனால் இங்கே எழுதும் தவறுகளில் என் பங்கும் உண்டு. யாருடைய பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அரிதான ஒரு படைப்பை எடுத்துச் செய்ய நினைக்கும் சிறு குழுக்களுக்கு இந்த விவரம் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன்.

பின்னணி

முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் 'பாபிலோனில் கோரேசு, அல்லது பெல்ஷாத்சாரின் வீழ்ச்சி'. பாரசீக அரசன் சைரஸை இத்தாலியர்கள் சீரோ என்பார்கள், நம் பைபிள் கோரேசு என்கிறது. ரொசினி இதை 1812இல் ஃபெர்ராரா நகரத்துக்காக எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. அந்த ஒரே ஆண்டில் வெனிஸுக்கும் மிலானுக்குமாக வேறு பல ஓபராக்களையும் எழுதி முடித்தவர் அவர், அவ்வளவு வேகம்.

தவக்காலத்தில் வழக்கமான காதல், கேலி ஓபராக்களுக்கு அன்றைய இத்தாலியில் இடமில்லை. ஆனால் அரங்கை நாற்பது நாள் பூட்டி வைத்தால் பாடகர்கள் என்ன சாப்பிடுவார்கள்? அதற்கு ஒரு வழி கண்டார்கள்: கதை பைபிளிலிருந்து வந்தால் போதும். இசையும் மேடையும் பெரும்பாலும் வழக்கமான ஓபராபோலவே இருக்கும். ரொசினியே பின்னால் 1818இல் நேப்பிள்ஸுக்கு எழுதிய மோசேயின் கதையும், 1830இல் அதே நேப்பிள்ஸில் இன்னோர் இத்தாலிய இசையமைப்பாளர் தோனிசெட்டி மேடையேற்றிய நோவாவின் வெள்ளக் கதையும் இப்படிப் பிறந்தவைதான். இவற்றைப் புனித ஓபரா என்று சொன்னாலும், உள்ளே பாதி கோயில், பாதி அரங்கம்.

'சீரோ'வும் அப்படியே. அடித்தளம் தானியேல் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம். பாபிலோன் ராஜா பெல்ஷாத்சார் விருந்து வைக்கிறான், எருசலேம் ஆலயத்திலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களில் மது குடிக்கிறார்கள், ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது, யாராலும் வாசிக்க முடியவில்லை, தீர்க்கதரிசி தானியேல் வந்து பொருள் சொல்கிறான். இதன்மேல் கதாசிரியர் ஒரு குடும்பக் கதையைக் கட்டினார். கோரேசின் மனைவி அமீராவும் சிறு மகனும் பெல்ஷாத்சாரிடம் கைதிகள். ராஜா அமீராவை மணக்க விரும்புகிறான். கோரேசு தன் சொந்தத் தூதன் என்று வேடம் போட்டு உள்ளே வந்து பிடிபடுகிறான். பைபிளில் இப்படி எதுவும் இல்லை. அங்கே அந்த இரவுக்குப் பின் ராஜ்யத்தை எடுத்துக்கொள்பவன் தரியு.

முதல் நிகழ்ச்சி தோல்வி என்று ரொசினியே சொல்லியிருக்கிறார். பொலோன்யாவுக்குத் திரும்பியதும் நண்பர்களை விருந்துக்கு அழைத்து, பாதாம் மாவில் ஒரு கப்பல் செய்யச் சொன்னாராம். கொடியில் 'சீரோ' என்ற பெயர், உடைந்த பாய்மரம், கிழிந்த பாய், சுற்றிலும் கிரீம் கடல். நண்பர்கள் சிரித்துக்கொண்டே அந்தக் கப்பலைத் தின்று தீர்த்தார்கள். இந்த ஓபராவிலிருந்து ஒரு பாடலை அவர் 1818இன் மோசே ஓபராவுக்குள் எடுத்துவைத்தார் என்பதும் தெரிந்ததே. பின்னாளில் வெகுகாலம் யாரும் இதைத் தொடவில்லை என்றே சொல்லலாம். 2012இல் ரொசினி பிறந்த பெசரோ நகரத்து விழாவில், பழைய மௌனப் படம் ஒன்றின் பாணியில் இதை மேடையேற்றினார்கள். எங்கள் நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் சங்கத்தில் பேச்சை எடுத்தார்.

எங்களிடம் இருந்தது

அமெச்சூர் பாடகர்கள் 18 பேர், கூலிக்கு வந்த வாத்தியக்காரர்கள் 23 பேர், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயம், 150 நாற்காலிகள். தனிப் பாத்திரங்களுக்கு வந்தவர்கள் இசைக் கல்லூரி முடித்த இளையவர்கள். பணம் நகராட்சியின் சிறு உதவியும் சங்க உறுப்பினர்கள் போட்டதும். இசைப் பிரதியையும் வாத்தியப் பிரதிகளையும் வாடகைக்கு எடுத்தோம். திருப்பித் தரும்போது பென்சில் குறிகளை எல்லாம் அழித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனையைப் பற்றிக் கடைசியில் மீண்டும் சொல்கிறேன்.

இரண்டு சங்கடங்கள் முதல் வாரத்திலேயே தெரிந்தன. ஒன்று, அந்தக் கட்டடத்தின் எதிரொலி. பாடகர் குழு ஒரு சுரத்தில் நிறுத்தினால் அது கூரையில் சுற்றிக்கொண்டே இருக்கும். இசைக்கு அது அழகு, வார்த்தைக்கு எமன். இரண்டு, நேரம். முழு ஓபரா இடைவேளை சேர்த்து மூன்று மணி நேரம் போகும். இரவு 11 மணிக்கு இடம் காலியாக வேண்டும் என்று அக்கம்பக்கத்தாரிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். எட்டரைக்கு முன் தொடங்கினால் வேலையிலிருந்து வருபவர்கள் சேர மாட்டார்கள். ஆக, அரைமணி நேரத்துக்கு மேல் வெட்டியாக வேண்டும்.

முதல் முடிவு: கோரேசின் குரல்

கோரேசு ஓர் அரசன், ஒரு கணவன், ஒரு தகப்பன். ஆனால் ரொசினி அந்தப் பாத்திரத்தை மரியா மார்க்கொலீனி என்ற பாடகிக்கு எழுதினார். கான்ட்ரால்டோ, பெண் குரல்களில் மிகத் தாழ்ந்தது. இன்று அப்படிப்பட்ட குரல் கிடைப்பது அரிது, சிறு ஊருக்கு வரச் சம்மதிப்பது அதைவிட அரிது. மூன்று வழிகள் இருந்தன.

ஓர் ஆண் பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) பாடகருக்கு எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி இறக்கித் தரலாம். சங்கத்தில் பலருக்கு இதுவே பிடித்திருந்தது. மனைவியைத் தேடி வரும் கணவன் ஆணாகத் தெரிவான் அல்லவா என்றார்கள். நான் பியானோவில் அமீராவும் கோரேசும் சேர்ந்து பாடும் பகுதியை இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினேன். எழுதியபடி வாசித்தால் இரண்டு குரலும் கைகோர்த்தபடி, நெருக்கமாக, ஒன்றன் நிழலில் மற்றது போகும். இறக்கினால் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. கோரேசின் குரல் வாத்தியங்களின் கீழ்ப்பகுதியோடு மோதிச் சேறாகிறது. கேட்டதும் அந்த யோசனையை விட்டுவிட்டார்கள்.

பெண் குரலின் உயரத்தில் பாடும் ஆண் பாடகரைக் கூப்பிடுவது அடுத்தது. ஒருவர் வந்து பாடியும் காட்டினார். மேலே அருமை. ஆனால் கோரேசின் பலம் இருப்பது கீழ்ச் சுரங்களில். அங்கே அவர் குரல் மெலிந்தது. அப்புறம், ரொசினி காஸ்ட்ராட்டோ பாடகர் (சிறுவயதில் காயடிக்கப்பட்டதால் குரல் உடையாத ஆண்) ஒருவரை மனத்தில் வைத்து எழுதிய ஓபராப் பாத்திரம் 1813இல் வெல்லூத்திக்கு எழுதியது ஒன்றுதான். கோரேசு தொடக்கத்திலேயே ஒரு பெண்ணுக்காகப் பிறந்தவன்.

கடைசியில் ஒரு மெஸ்ஸோ பாடகி, அதாவது நடுத்தரப் பெண் குரல், கிடைத்தார். உண்மையான கான்ட்ரால்டோ இல்லை, ஆனால் கீழே தடுமாறாதவர். ஆண் உடை, வாள் எல்லாம் போட்டு நிறுத்தினோம். பார்வையாளர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று நாங்கள் பட்ட கவலைக்கு முடிவே இல்லை. நடந்தது என்ன தெரியுமா? ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்கள் பயந்த இடத்தில் ஆபத்து இல்லை.

இரண்டாவது முடிவு: வெட்டு

இந்த வகை ஓபராவில் இரண்டு பொருள்கள் மாறிமாறி வரும். ஒன்று பாட்டு, அங்கே கதை நின்று மனம் பேசும். இன்னொன்று ரெசிடேட்டிவோ, ஹார்ப்சிகார்டின் தாங்கலில் ஏறக்குறையப் பேசுவதுபோலப் பாடுவது. கதை நகர்வது பெரும்பாலும் அங்கேதான்.

வெட்டுவதற்காக நடத்துநர், மேடை இயக்குநர், நான் என மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல் இருந்தார். அமீராவின் பெரிய பாடலை எடுத்தால் அந்தப் பாடகி போய்விடுவார். அதில் தனி வயலின் வாசிப்பவரும் அதற்காகவே ஒப்புக்கொண்டவர். பெல்ஷாத்சாரின் பாட்டைத் தொட்டால் அதைப் பாடும் டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பேசமாட்டார். பாடகர் குழுவின் பகுதிகளை எடுக்கவே முடியாது, சங்கமே அவர்களுடையது. ரெசிடேட்டிவோவுக்கு மட்டும் வக்கீல் யாரும் இல்லை. எதிரொலியில் அது எப்படியும் புரியப்போவதில்லை என்று ஒருவர் சொன்னார். சரிதானே என்று தலையாட்டினோம். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவன் நான், என் வேலை குறைகிறது என்பதைத் தவிர எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ரெசிடேட்டிவோவில் ஏறக்குறையப் பாதி போனது. அதில் தானியேல் வந்து சுவரெழுத்துக்குப் பொருள் சொல்லும் காட்சியில் பெரும்பகுதியும் போனது. பெல்ஷாத்சாரின் மந்திரவாதிகள் கைதிகளைப் பலியிடும்படி வேறு யோசனை சொல்லும் இடமும் போனது. தானியேலுக்கு மிஞ்சியது ஒரு சில வரிகள்: கோபம், அழிவு, தேவன். அந்தப் பாத்திரத்தை எடுத்திருந்த பாஸ் (மிகத் தாழ்ந்த ஆண் குரல்) பாடகர் மிகவும் அமைதியானவர், முழுக் காட்சியையும் மனப்பாடம் செய்து வந்திருந்தார். வெட்டைச் சொன்னதும் பிரதியில் கோடு போட்டுக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. நடத்துநர் சிறுவயதில் பலிபீடத்தில் உதவியாளாக நின்றவர். இயக்குநரின் தாய்மாமன் பாதிரியார். நான் திருநெல்வேலிப் பக்கம் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவன். "நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்" என்ற வசனத்தை எட்டு வயதில் ஒப்பித்துப் பென்சில் பரிசு வாங்கியிருக்கிறேன். எங்கள் மூவருக்கும் அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1812இன் ஃபெர்ராரா பார்வையாளர்களுக்கும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. அந்தக் கதை பிரசங்கத்திலும் ஓவியத்திலும் ஊறிய காலம் அது. தெரியாதவர் ஒருவர் அந்த மேசையில் இல்லை.

மூன்றாவது முடிவு: ஒற்றைச் சுரப் பாட்டு

ஆர்ஜேனே என்பவள் அமீராவின் தோழி. அவளுக்கு ஒரு பாட்டு உண்டு. துயருற்றோரை இகழ்பவர்களைப் பற்றித் தொடங்கும் அந்தப் பாட்டில் குரல் ஒரே சுரத்தில் நிற்கும்: நடு ஸ்தாயி பி ஃபிளாட். மெட்டு முழுவதும் வாத்தியங்களில் ஓடும். இதற்கு ஒரு கதை இருக்கிறது, முதுமையில் ரொசினியே ஹில்லர் என்ற இசைக்கலைஞரிடம் சொன்னது. ஃபெர்ராராவில் இரண்டாம் பாடகியாக வந்தவளுக்கு அழகும் இல்லை, குரலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில் கேட்கும்படி இருந்தது அந்த ஒரு சுரம்தான். அதை மட்டும் வைத்து ஒரு பாட்டு எழுதினேன் என்றார் ரொசினி. மக்கள் கைதட்டினார்கள், அவளுக்குப் பெருமகிழ்ச்சி.

இப்படிப்பட்ட இரண்டாம் பாத்திரப் பாட்டுகளை இத்தாலியர்கள் ஷெர்பத் பாட்டு என்பார்கள். அது வரும்போது அரங்கில் இருப்பவர்கள் குளிர்ந்த ஷெர்பத் வாங்கப் போவார்களாம். நேரத்துக்காக இதை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் எதிர்த்தேன். சுருதியிலேயே நிற்கும் குரலைச் சுற்றி மெட்டு போய்வருவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பாட்டு குறையாகப் படாது. குரல் அசையாமல் நிற்க நிற்கச் சுற்றியுள்ள துக்கம் நகர்வது தெரியும். பாட்டு தப்பித்தது. நிகழ்ச்சித் தாளில் ஹில்லர் கதையையும் அச்சிட்டோம், சுவையாக இருக்கும் என்று. அதை எழுதியது நான்.

ஒத்திகைகள்

ஐந்து வாரம், பெரும்பாலும் இரவுகளில். விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாடகர் குழு நினைத்ததைவிட வேகமாகக் கற்றது. மெஸ்ஸோ பாடகி வாளோடு நடக்கப் பழகினார். காட்சி வடிவமைப்பாளர் சுவரெழுத்துக்கு நல்ல யோசனை ஒன்று கொண்டுவந்தார். பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரிலேயே, புரொஜெக்டரால், எபிரேய எழுத்துகளில் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக எழும். ராஜாவால் வாசிக்க முடியாத எழுத்து, பார்ப்பவர்களாலும் வாசிக்க முடியாமல் இருக்க வேண்டும் என்றார். சரியான எண்ணம். ஆனால் பிறகு ஒருவன் வந்து வாசித்துக் காட்டுவான் என்பதை நம்பி எழுந்த எண்ணம் அது. அந்த ஒருவனை நாங்கள் ஏற்கெனவே வெட்டியிருந்தோம். இரண்டு முடிவுகளையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு

நாற்காலிகள் நிறைந்தன. முன்னிசையிலிருந்து முதல் பாகம் முடியும்வரை நன்றாகப் போனது. அமீராவுக்குப் பலத்த கைதட்டல்.

இரண்டாம் பாகத்தில்தான் விருந்துக் காட்சி. புயல் இசை எழுந்தது, விளக்குகள் தணிந்தன, சுவரில் எழுத்துகள் வந்தன. டெனர் பின்வாங்கித் தூணில் சாய்ந்து நடுங்கினார், அன்று அவர் உண்மையிலேயே அருமையாகச் செய்தார். ஆனால் அரங்கில் ஏதோ கலைந்தது. ஹார்ப்சிகார்டிலிருந்து பார்த்தால் முன் இரண்டு வரிசை தெரியும். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து கேட்கிறார், அவர் தோளைக் குலுக்குகிறார். தானியேல் வந்து சில வரிகள் பாடிவிட்டுப் போனார். மேடைக்கு மேலே திரையில் ஓடிய பாடல் வரிகளில், பாடிய அளவுதான் எழுத்தாக வந்தது. அடுத்த நிமிடமே ராஜா கைதிகளைப் பலியிடச் சொல்கிறான். ஏன்? வெட்டின பக்கங்களில்தான் பதில் இருந்தது.

ஆர்ஜேனேயின் பாட்டில் நடந்தது இதைவிட வேதனை. தாளில் கதையைப் படித்தவர்கள் அவள் தொடங்கியதுமே சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நாங்கள்தான் சிரிக்கச் சொல்லி வைத்திருந்தோம். பாடியது அப்போதுதான் படிப்பு முடித்த 22 வயதுப் பெண், நல்ல குரல். துயருற்றோரை இகழ்பவர்களைப் பற்றிய வரியை அவள் பாடிக்கொண்டிருக்க, அவளைப் பார்த்துச் சிரிப்பு. ஒரு இடத்தில் எண்ணிக்கை தவறி இரண்டு தாளச் சுற்று முன்னதாக நுழைந்துவிட்டாள். நடத்துநர் கையால் நிறுத்திச் சேர்த்துவிட்டார். முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய் அவள் யாரோடும் பேசவில்லை.

வாசலில் நின்று வருபவர்களிடம் கருத்துக் கேட்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். பாராட்டுகள் வந்தன. பள்ளி ஆசிரியை ஒருவர், இசை பிடித்தது என்றவர், கேட்டார்: "அந்தச் சுவரில் வந்தது கோரேசின் படை அனுப்பிய மிரட்டல்தானே?" இன்னொருவர் அதை மந்திரவாதிகளின் சாபம் என்று புரிந்துகொண்டிருந்தார். வயதானவர்கள் சிலருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு பாட்டி தன் பேரனுக்கு வாசற்படியில் நின்று முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். எங்கள் நிகழ்ச்சியில் இல்லாதது எல்லாம் அவர் சொன்னதில் இருந்தது. தேவனுக்கும் ஒரு ராஜாவுக்கும் இடையிலான தீர்ப்பை, இரண்டு ராஜாக்களுக்கு இடையிலான சண்டையாக நாங்கள் மாற்றியிருந்தோம்.

சனிக்கிழமை

அடுத்த நிகழ்ச்சி ஞாயிறு மாலை. வாத்தியக்காரர்களோடு இன்னொரு முழு ஒத்திகைக்குப் பணம் இல்லை. காலையில் பேசினோம்.

மேலே ஓடும் வரிகளில் விளக்கம் சேர்த்துவிடலாம் என்றார் இயக்குநர். நடத்துநர் ஒப்பவில்லை, தானியேல் மேடையில் நிற்கும்போது அவன் வேலையை இயந்திரம் செய்யக் கூடாது என்றார். எனக்கும் அதுவே பட்டது. வெட்டிய காட்சியைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் ஹார்ப்சிகார்டும் பாடகர்களும் போதும், முழு வாத்தியக் குழு வேண்டாம். பாஸ் பாடகரைக் கேட்டோம். எல்லாம் நினைவில் இருக்கிறது என்றார். சனிக்கிழமை மதியம் டெனரும் அவரும் நானும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். எதிரொலிக்காக அவரைப் பின்சுவரிலிருந்து எட்டு அடி முன்னால் கொண்டுவந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் கூரை அடங்கும்வரை காத்திருக்கச் சொன்னோம். வேகமாகப் போக வேண்டிய ரெசிடேட்டிவோ மெதுவாகியது. ஆனால் அந்தக் காத்திருப்பு தீர்க்கதரிசிக்குப் பொருந்தியது.

எபிரேய எழுத்துகள் அப்படியே இருக்கும், ஆனால் தானியேல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லும்போது அதன்கீழ் 'மானே, தேச்செல், ஃபாரெஸ்' என்று லத்தீன் பைபிளில் உள்ளபடி வரும் என்று மாற்றினோம். அங்கே வயதானவர்களின் காதில் பதிந்த வடிவம் அதுதான். இளையவர்களுக்காகப் பொருள் இத்தாலியனில்: எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது.

இதற்கெல்லாம் ஆறேழு நிமிடம் தேவை. எதை எடுப்பது? முன்னிசையை எடுத்தோம். அது 'சீரோ'வுக்காகப் பிறந்த இசை அல்ல. 1812 ஜனவரியில் வெனிஸில் வந்த 'லிங்கான்னோ ஃபெலிசே' என்ற சிறு ஓபராவின் முன்னிசையை ரொசினி இங்கே எடுத்து வைத்திருந்தார். கதையோடு தொடர்பு இல்லாதது போகலாம் என்பது வாதம். வாத்தியக்காரர்களுக்குக் கோபம், ஐந்து வாரம் உழைத்த பகுதி, அவர்கள் மட்டுமே தனித்து ஒலிக்கும் ஒரே இடம். அந்தக் கோபம் நியாயமானது, இன்றும் எனக்கு அதில் முழு நிம்மதி இல்லை.

இரண்டாம் பாகத்துக்கு முன் தானியேல் ஐந்தாம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களை ஒருவர் வாசிப்பது என்றும் முடிவானது. இது பூசைபோல ஆகிவிடும் என்று குழுவில் ஒருவர் எதிர்த்தார், அவர் நம்பிக்கை இல்லாதவர். ஆலயப் பாத்திரங்களில் குடித்தார்கள் என்பது தெரியாவிட்டால் தண்டனை ஏன் என்பதே புரியாது என்று சொன்னோம். நீண்ட பேச்சுக்குப் பின், விளக்கம் இல்லாமல் வெறும் வாசிப்பு என்றால் சரி என்று ஒத்துக்கொண்டார். கடைசியில் வாசித்தது அவரே, எங்களில் தெளிவான உச்சரிப்பு அவருடையது.

நிகழ்ச்சித் தாளிலிருந்து ஹில்லர் கதையை எடுத்துவிட்டு, சங்க அலுவலகத்தில் மறுபடி நகல் எடுத்தேன். அந்த இடத்தில் இரண்டே வரி: இந்தப் பாட்டில் குரல் ஒரே சுரத்தில் நிற்கும், வாத்தியங்களைக் கேளுங்கள். பாடகியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கதையை அச்சிடும் முன் தன்னிடம் காட்டியிருக்கலாம் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை

முன்னிசை இல்லாததற்கு விலை கொடுத்தோம். தாமதமாக வருபவர்கள் முன்னிசையின்போது உட்காருவது வழக்கம். இப்போது தொடக்கச் சேர்ந்திசை முழுவதும் காலடிச் சத்தம். முதல் கால்மணி நேரம் அரங்கம் அடங்கவில்லை. மெஸ்ஸோ பாடகி களைத்திருந்தார். நடுவில் ஒரே நாள் ஓய்வு போதவில்லை, கடைசிப் பெரிய காட்சியில் திரும்ப வரும் இடங்களில் அலங்காரங்களை விட்டுவிட்டு நேராகப் பாடினார்.

ஆர்ஜேனேயின் பாட்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் மிதமானது. அவள் எண்ணிக்கை தவறவில்லை.

வாசிப்பு இரண்டு நிமிடம். பிறகு விருந்து, புயல், எழுத்து. டெனர் வெள்ளிக்கிழமை செய்ததைத்தான் செய்தார், அதைவிட ஒன்றும் கூட்டவில்லை. தானியேல் முன்னே வந்து நின்றார். முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கூரை அடங்கியது. அரங்கில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. இரண்டாவது வார்த்தை. ஹார்ப்சிகார்டில் அடுத்த கோர்வையை வைக்க என் கைக்கு மனம் வரவில்லை, அவ்வளவு கனமான அமைதி அது. இரண்டு நாள் முன்புவரை நாங்கள் பயனில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த பக்கம் அது.

வாசலில் வந்த கேள்விகளும் மாறியிருந்தன. தானியேலை ஏன் ராஜா உடனே நம்பவில்லை என்று ஒருவர் கேட்டார். குழந்தையையும் பலியிடத் துணிந்தானே என்று ஒருவர். சுவரில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பிடித்தது என்றும் சொல்ல முடியாது. இது கச்சேரியா வழிபாடா என்று குறைபட்டவர் ஒருவர் இருந்தார். முன்னிசை எங்கே என்று கேட்டவர் இருவர், இருவரும் ரொசினியை நன்றாக அறிந்தவர்கள்.

டிக்கெட் வரவு செலவை எட்டவில்லை, குறைந்ததைச் சங்க நிதியிலிருந்து ஈடுகட்டினார்கள். அடுத்த ஆண்டு சங்கம் சிறியதாக ஒன்றைச் செய்தது.

மறுபடி செய்தால்

வெட்டுவதற்கு முன் வெட்டிய கதைவசனத்தை மட்டும், இசை இல்லாமல், கதை தெரியாத இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். ஒரு மாலை போதும், செலவு எதுவும் இல்லை. பக்கம் பக்கமாக என்ன புரிந்தது என்று அவர்களே சொல்வார்கள். கதை தெரிந்த மூவர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்ததுதான் எங்கள் பெரிய தவறு.

பாட்டுகளுக்குப் பாடகர்களே வக்கீல்கள். ரெசிடேட்டிவோவுக்கு வெட்டுக் கூட்டத்தில் ஒருவரை வேலையாகவே நியமிக்க வேண்டும். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரே அதற்குப் பொருத்தம். நான் அதைச் செய்திருக்க வேண்டும். எட்டரைக்குப் பதில் எட்டு மணிக்குத் தொடங்கலாமா என்று ஊராரைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. முன்னிசையும் தானியேலும் சேர்ந்தே இருந்திருக்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் குறைந்தது இரண்டு நாள் வேண்டும், கோரேசின் குரலுக்காக.

படைப்பைப் பற்றிய பழைய கதைகளைத் தாளில் போடும்போது, இன்று அந்த இடத்தில் நின்று பாடப்போகிறவரிடம் முதலில் காட்டுவேன். ரொசினி அந்தக் கதையைச் சொன்னபோது ஃபெர்ராரா பாடகி பக்கத்தில் இல்லை. எங்கள் பாடகி மேடையில் இருந்தாள்.

திங்கட்கிழமை பிரதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. நானும் பாஸ் பாடகரும் சங்க அறையில் உட்கார்ந்து பென்சில் கோடுகளை அழித்தோம். அழிப்பதற்கு முன் ஒவ்வொரு வெட்டையும், ஏன் வெட்டினோம், ஏன் திருப்பி வைத்தோம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த விவரம் அதிலிருந்துதான். தானியேல் காட்சியின் பக்கங்களில் கோடு ஆழமாக விழுந்திருந்தது. அழித்த பிறகும் தாளில் தடம் தெரிந்தது. அடுத்து எடுப்பவர்களுக்கு அது தெரியட்டும் என்று அவர் சொன்னார், பெட்டியை மூடினோம்.